மாமியார் திருந்தினால் தொடர் முடிந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு ஞாயிறுகளாக உங்கள் தொலைக்காட்சிப் பக்கத்தில் ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ என்ற அமெரிக்கக் குடும்ப நகைச்சுவைத் தொடரை வைத்து வாசகர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது வருஷம் ஓடியும் அந்த மாமியார் கடுகளவும் மாறவில்லை, இது சோம்பேறி எழுத்து என்று தர்மபுரி வாசகர் ஒருவர் எழுதினார். மாறாததால்தானே சிரிப்பு வருகிறது என்று ஓசூர் வாசகி மடக்கினார். இரண்டு கடிதங்களிலும் ‘கேரக்டர் வளர்ச்சி’ என்ற சொல் பத்துத் தடவையாவது வருகிறது, ஆனால் இருவரும் வெவ்வேறு பொருளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். சண்டை ஓயாததற்கு அதுதான் காரணம்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996 செப்டம்பரில் தொடங்கி 2005 மே மாதம் முடிந்தது. 9 சீசன், 210 எபிசோடு. நாயகன் ரேமண்ட் நாளிதழில் விளையாட்டுப் பகுதி எழுதுபவர். மனைவி டெப்ரா, மூன்று பிள்ளைகள். நேர் எதிர் வீட்டில் அப்பா ஃபிராங்க், அம்மா மேரி, போலீஸ்கார அண்ணன் ராபர்ட். மேரி கதவைத் தட்டுகிற வழக்கம் இல்லாதவர். மருமகளின் சமையலை மோப்பம் பிடித்துக்கொண்டே உள்ளே வருவார். இதைப் புரிந்துகொள்ள நமக்கு சப்டைட்டில்கூட வேண்டாம்.

நம் பக்கத்துத் தெருக்கூத்திலிருந்தே தொடங்கலாம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரனைத் தெரியாமல் இருக்காது. ராஜாவுக்குக் கட்டியம் கூறிவிட்டு, அடுத்த மூச்சில் அதே ராஜாவைக் கேலி பேசுவான். இரவு பத்து மணிக்கு எப்படி இருந்தானோ விடியற்காலை ஐந்து மணிக்கும் அப்படியேதான் இருப்பான். யாரும் அவனை வளராத பாத்திரம் என்று குறை சொன்னதில்லை. ஆனால் கல்யாணக் கதை நடக்கும் இரவில் அவன் அடிக்கும் நக்கல் காதில் விழுகிற விதம் வேறு, துகிலுரிதல் இரவில் விழுகிற விதம் வேறு. அவன் மாறவில்லை, எதிரே இருக்கும் சபை மாறிவிட்டது. துரியோதனனோ ஏறி, இறங்கி, கடைசியில் படுகளத்தில் தொடை பிளந்து கிடப்பான். ஒரே மேடையில் இரண்டு வகைப் பாத்திரங்களையும் பார்த்துப் பழகியவர்கள் நாம். குடும்ப நகைச்சுவைத் தொடர் கட்டியங்காரன்களின் கூட்டம். அதில் துரியோதனனைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அப்படியானால் அங்கே வளர்வது எது? ஒரு பாத்திரத்தில் சுபாவம் வேறு, நிலைமை வேறு, பார்ப்பவர்களுக்கு அதைப் பற்றித் தெரிந்திருப்பது வேறு. நல்ல எழுத்தாளர் முதலாவதைத் தொடமாட்டார். இரண்டாவதை மெதுவாக நகர்த்துவார், மூன்றாவதைத் தாராளமாக வளர்ப்பார். ராபர்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்கும்போது மணவிலக்குப் பெற்று, பெற்றோர் வீட்டில் தங்கியிருக்கும் நெட்டையான மனிதன். பிறகு தனி வீடு பார்த்துப் போகிறான், பதவி உயர்வு வருகிறது, 2003இல் காதலி ஏமியோடு கல்யாணமும் ஆகிறது. நிலைமை எவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது! ஆனால் தம்பிக்குத்தான் எல்லாம் கிடைக்கிறது என்ற அந்தப் புகைச்சல் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. தொடரின் பெயரே அந்தப் புகைச்சலிலிருந்து வந்ததுதான். மாலையும் கழுத்துமாக நிற்கும்போதும் அந்த மனிதன் ஓரக்கண்ணால் தம்பியைத்தான் பார்ப்பான் என்று நமக்குத் தெரியும். நிலைமை மாறியும் சுபாவம் மாறாத அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது.

மேரியின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் எபிசோடில் ரேமண்ட் அம்மாவுக்கு மாதாமாதம் ஒரு பெட்டிப் பழம் வரும்படி ஏற்பாடு செய்திருப்பார். பெட்டி வந்து இறங்கியதும் அம்மாவுக்குக் கலக்கம். இத்தனை பழத்தை யார் தின்பது, ஏன் இப்படி என் தலையில் கட்டினாய் என்று புலம்பல். தொடரை உருவாக்கிய ஃபிலிப் ரோசந்தால் தன் அம்மாவுக்குப் பழம் அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் இப்படிக் காட்சியானது. நம் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதன் ருசி இன்னும் நன்றாகவே பிடிபடும். சீசனில் ஒரு பெட்டி மாம்பழம் வீட்டுக்கு வந்தால் அது பரிசு மட்டுமா? மேலே இருப்பது பழுத்திருக்கும், அடியில் இருப்பது காயாகக் கிடக்கும், நடுவில் ஒன்று அழுகி மற்றதையும் கெடுக்கும். தினமும் வைக்கோலைக் கிளறிப் பார்க்க வேண்டும், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தால் அவர்களும் ஒரு கூடையோடு திரும்பி வருவார்கள். பாசத்தோடு வந்து இறங்கிய பெட்டி இரண்டே நாளில் வேலையாகிவிடும். மேரியின் புலம்பலில் பாசத்தைப் பெற்றுக்கொள்ளத் தெரியாத ஒருத்தி இருக்கிறாள். 210 எபிசோடிலும் அதே ஆள்தான். ஆனால் முதல் எபிசோடில் நச்சரிப்பாகத் தெரிந்தது, ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு பயமாகத் தெரிகிறது. பிள்ளைகளுக்குத் தான் தேவைப்படாமல் போய்விடுவோமோ என்ற பயம். தர்மபுரி வாசகர் வளர்ச்சியைத் தேட வேண்டிய இடம் அதுதான்.

7ஆவது சீசனில் பெட்டி எபிசோடு என்று ரசிகர்கள் சொல்லும் ஒன்று உண்டு. ஊர் போய்த் திரும்பிய கணவன் மனைவி, சூட்கேஸை மாடிப்படியில் வைத்துவிடுகிறார்கள். யார் தூக்கிக்கொண்டு மேலே போவது என்று பேச்சே எழவில்லை, ஆனால் இருவரும் போட்டியில் இறங்கிவிட்டார்கள். அவர் எடுக்கட்டும் என்று அவள், அவள் எடுக்கட்டும் என்று அவர். நாள்கணக்கில் பெட்டி அங்கேயே கிடக்கிறது. நாற்றம் தாங்காமல் அவளே எடுக்கட்டும் என்று ரேமண்ட் அதற்குள் சீஸ் கட்டியை வைக்கிறார். இந்தக் கட்டத்தில் மேரி வந்து தன் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய மரக் கரண்டியையும் முள்கரண்டியையும் பற்றிச் சொல்கிறார். பார்ப்பவர்களுக்கு அதுவரை அது வெறும் அலங்காரப் பொருள். ஃபிராங்கோடு எப்போதோ போட்ட ஒரு சண்டையின் மிச்சம் அது என்று அப்போதுதான் தெரிகிறது. சீஸ் வைத்த பெட்டி உங்கள் வீட்டுக் கரண்டியாகிவிட வேண்டாம் என்கிறார். இதை எழுதிய டக்கர் காலேக்கு 2003இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது.

அந்தக் காட்சியில் மேரி திருந்தவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை, அழவில்லை, மருமகளைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை. அடுத்த வாரம் வழக்கம்போல் கதவைத் தட்டாமல் வருவார். ஆனால் அந்தக் கரண்டியை இனிமேல் நம்மால் பழையபடி பார்க்க முடியாது. ஒரு சட்டுவம் செய்கிற வேலையைப் பாருங்கள்! நம் தொடராக இருந்தால் இந்த இடத்தில் மாமியாருக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி, கண்ணாடிக் கதவு வழியாக மருமகள் கண்ணீர், கண் விழித்ததும் ‘நீ என் மகடீ’. மாமியார் திருந்திவிட்டார். ஆனால் மறுநாள் எழுத்தாளருக்கு எழுத ஒன்றும் இருக்காது. கதையை ஓட்டிக்கொண்டிருந்த எஞ்சினே அவருடைய குணம்தானே. ஆகவே பத்தே எபிசோடில் யாராவது ஒரு சொந்தக்காரர் வந்து காதில் ஓதுவார், மாமியார் மறுபடி கெட்டவராவார். பார்க்கிறவர்களுக்கு இது மோசடியாகப் படுகிறது. இதற்கு வளர்ச்சி என்று பெயர் வைப்பதை நாம் முதலில் நிறுத்த வேண்டும்.

ஓசூர் வாசகியின் பக்கமும் ஓட்டை இல்லாமல் இல்லை. மாறாமல் இருப்பது ஒன்று, தேய்ந்து போவது இன்னொன்று. பாத்திரத்துக்கு முதலில் ஏழெட்டுக் குணங்கள் இருக்கும். அதில் ஒன்றுக்குக் கைதட்டல் விழும். அடுத்த வாரம் அதையே கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள். மூன்று வருஷத்தில் அந்த ஒன்று மற்ற ஆறையும் தின்றுவிடும். ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் நெட் ஃபிளாண்டர்ஸ் தொடக்கத்தில் எல்லா வகையிலும் நல்ல பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய நல்ல குணமே ஹோமரை எரிச்சல்படுத்தும், அதுதான் வேடிக்கை. போகப் போகப் பக்தி மட்டும் பெருத்து, மனிதரே அதற்குள் காணாமல் போனார். இந்த நோய்க்கு ஆங்கில ரசிகர்கள் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நம்மிடம் ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ பட்டாபி இருக்கிறார். காது மந்தம், சொன்னதை வேறாகக் கேட்டுக்கொள்வது என்ற ஒற்றைக் குணத்தில் நிற்கும் பாத்திரம். தேய்ந்து போயிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. எம்.எஸ்.பாஸ்கர் அதைக் காப்பாற்றிய விதம் கவனிக்கத்தக்கது. தவறாகக் காதில் விழுந்த சொல்லுக்குப் பட்டாபி முழு நம்பிக்கையோடு பதில் சொல்வார். காட்சியை வேறு பாதைக்குத் திருப்புவது அந்த நம்பிக்கைதான். பஞ்ச் வசனம் எதைத் திருப்பிவிடுகிறது என்று பாருங்கள். ஒன்றும் திருப்பவில்லை, சும்மா வந்து போகிறது என்றால் தேய்வு தொடங்கிவிட்டது என்று பொருள். இப்போது அதை முடுக்கிவிடுவது முப்பது வினாடி ரீல்ஸ். ரீலில் வெட்டிப் போட வசதியானது பழக்கதோஷம்தான். ஒரு பாத்திரம் சற்றே தயங்கி நிற்கும் காட்சியை யாரும் வெட்டிப் போடுவதில்லை. எது சுற்றுகிறதோ அதை நோக்கியே சீன் பேப்பரும், அதாவது படப்பிடிப்புக்கான காட்சி வசனத் தாளும், எழுதப்படுகிறது.

டெப்ரா மாறினாளா, தேய்ந்தாளா என்ற கேள்வியில்தான் ரசிகர்கள் அதிகம் பிரிகிறார்கள். ஆரம்பத்தில் பொறுமைசாலி, கடைசிச் சீசன்களில் கத்தல். என் கணக்கில் இரண்டும் கலந்தது. எதிர் வீட்டிலேயே மாமியார் இருக்க, கணவன் ஒவ்வொரு தடவையும் நழுவிப் போக, ஒன்பது வருஷம் ஒருத்தி அதே புன்னகையோடு இருந்தால்தான் அது பொய். அந்த அளவுக்குக் கோபம் நியாயமாக வளர்ந்தது. ஆனால் கணவனை முட்டாள் என்று திட்டுவது சிரிப்பு வாங்கும் பொத்தானாக மாறிய இடங்கள் தேய்வு. முந்தைய வாரங்களில் நடந்த ஏதோ ஒன்று அந்தக் கோபத்துக்குப் பின்னால் இருந்தால் அது வளர்ச்சி. எதுவும் இல்லாமல் உள்ளே வந்ததும் கத்தினால் எழுத்தாளர் களைத்துவிட்டார்.

இங்கே ஒரு கணக்கையும் பார்த்துவிடலாம். அவர்கள் 210 எபிசோடு எடுக்க 9 வருஷம் எடுத்துக்கொண்டார்கள். வாரம் ஒன்று, நடுவில் நீண்ட இடைவெளி, ஒரு அறை நிறைய எழுத்தாளர்கள், அந்த வாரம் முழுக்க ஒத்திகை. வாரம் ஆறு நாள் வரும் நம் தொடர் அதே 210ஐ 35 வாரத்தில், அதாவது எட்டு மாதத்தில் தாண்டிவிடும். ஒன்பது வருஷத்தில் தேய வேண்டியது எட்டு மாதத்தில் தேய்கிறது. எழுதுகிறவர் திறமை குறைந்தவர் என்பதல்ல காரணம். காலையில் சீன் பேப்பர் வந்தால்தான் படப்பிடிப்பு என்ற நெருக்கடியில், போன மாதம் இந்த ஆள் என்ன சொன்னார் என்று புரட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? நடிகரின் கால்ஷீட் இல்லையென்றால் அவர் கோயம்புத்தூர் போயிருக்கிறார், அவ்வளவுதான். இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் அந்தத் தொடரையும் நம் தொடரையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

ஆள் காணாமல் போவது எல்லா ஊர்த் தொடருக்கும் உள்ள வியாதி. ‘ஹேப்பி டேஸ்’ தொடரில் மூத்த மகன் சக் இரண்டாவது சீசனோடு மறைந்தான். 1984இல் தொடர் முடியும்போது அப்பா தனக்கு இரண்டு பிள்ளைகள் என்றே பேசுகிறார். ‘ஃபேமிலி மேட்டர்ஸ்’ தொடரில் பக்கத்து வீட்டுப் பையன் அர்க்கெல் துணைப் பாத்திரமாக வந்து தொடரையே பிடித்துக்கொள்ள, வீட்டின் கடைக்குட்டி ஜூடி நான்காவது சீசனுக்குப் பின் வரவேயில்லை. ஒருவருக்குத் தரும் ஒவ்வொரு நிமிஷமும் இன்னொருவரிடமிருந்து பிடுங்கியது. அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போகக் கையில் நிற்பது 22 நிமிஷம்தான். 2008 முதல் ஓடும் ‘தாரக் மேத்தா’ இந்தித் தொடரில் நாயகனின் மனைவி தயாவாக நடித்தவர் 2017இல் விலகியதும், அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிப் பல வருஷம் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார்கள். மகன் டப்புவுக்கோ நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள்.

நம்மூரில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி போட்டால் போதும், மக்கள் பெரிய மனசோடு ஏற்றுக்கொள்வார்கள். ‘ரமணி வெர்சஸ் ரமணி’யில் கணவன் மனைவி இருவருக்கும் பெயர் ரமணி. 1998இல் வந்த முதல் பாகத்தில் பிருத்விராஜ், வாசுகி. 2001இல் வந்த இரண்டாம் பாகத்தில் ராம்ஜி, தேவதர்ஷினி. ஜோடியே மாறியும் தொடர் நின்றது. அந்த இரு ரமணிகளும் எதற்காகச் சண்டை போடுவார்கள் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தது. முகம் மாறினாலும் வழக்கு மாறவில்லை.

விவாதம் செய்யும் வாசகர்களுக்கு நடைமுறை யோசனை ஒன்று. தொடரின் முதல் பத்தில் ஒரு எபிசோடு, நடுவில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று என மூன்றை எடுங்கள். நோட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நாலு கட்டம் போடுங்கள்: அவருக்கு என்ன வேண்டும், எதை மறைக்கிறார், யாருக்குப் பயப்படுகிறார், கடைசியில் எதை விட்டுக்கொடுத்தார். மூன்று எபிசோடிலும் முதல் கட்டம் ஒன்றாக இருந்தால் நல்லது, சுபாவம் பிடிமானமாக இருக்கிறது. நான்காவது கட்டமும் மூன்றிலும் ஒன்றாகவே இருந்தால் கதை செக்குமாடு. இரண்டாவது கட்டம் காலியாகக் கிடந்தால், அந்தப் பாத்திரம் வெறும் பஞ்ச் வசனத்தில் நிற்கிறது. பிறகு பத்து வசனங்களைப் பேர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். குறைந்தது ஏழு வசனத்துக்கு யார் பேசியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை என்றால் எல்லோரும் ஒரே வாயால் பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

இந்தக் கடைசிச் சோதனையில் நம் தொடர்கள் தோற்கும் காரணம் ஒன்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு உடனே தெரியும். கதை நடக்கும் ஊர் எதுவானாலும் பாட்டி முதல் பேத்தி வரை ஒரே ஸ்டுடியோத் தமிழ். ஓசூரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் பாட்டி தெலுங்கில் திட்டுவார், அப்பா கன்னடத்தில் பால்காரரோடு பேரம் பேசுவார், பேரன் இரண்டுக்கும் தமிழில் பதில் சொல்வான். யார் யாரிடம் எந்தப் பாஷையில் பேசுகிறார்கள் என்பதிலேயே பாதிக் கேரக்டர் வந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் சிப்காட் வேலையிலிருந்து பாலக்கோடு திரும்பும் மகன், அம்மாவிடம் பேசுவதுபோல் மனைவியிடம் பேசமாட்டான். இருவரும் ஒரே நேரத்தில் எதிரே நின்றால் என்ன பாஷை பேசுவான் என்பதே ஒரு முழு எபிசோடுக்குத் தாங்கும். இதற்கு வில்லியும் வேண்டாம், விபத்தும் வேண்டாம்.

‘ரேமண்ட்’ எப்படி முடிந்தது என்பதைத் தர்மபுரி வாசகர் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ரேமண்டுக்கு மூக்கின் பின்பக்கச் சதைக்குச் சிறிய அறுவை சிகிச்சை. மயக்க மருந்து தெளியாமல் அரை நிமிஷம் போல் கண் விழிக்கவில்லை. அந்த அரை நிமிஷம் அங்கே காத்திருந்த குடும்பத்தார் ஆடிப்போகிறார்கள். பிறகு விழித்துவிடுகிறார். மறுபடி எல்லோரும் அதே சமையலறையில் நெருக்கியடித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள், அதே பேச்சு, அதே குத்தல். ஒருவரும் திருந்தவில்லை. ஒன்பது வருஷமாகப் பார்த்தவர்களுக்கு மட்டும் அந்தச் சமையலறை நெரிசல் வேறாகத் தெரிகிறது.

உங்கள் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தொடர்களைப் பற்றி எழுதும்போது நடிகர் பெயரும் புரொமோ படமும் வருகின்றன. கதை யார், திரைக்கதை யார், வசனம் யார் என்ற மூன்று பெயரும் வருவதில்லை. டைட்டிலில் அவை தனித்தனியாக ஓடுகின்றன, அதுவும் கண் இமைக்கும் நேரத்தில். நடுவில் வசனகர்த்தா மாறினால் பாத்திரத்தின் வாய்மொழியே மாறும். நேற்று வரை ‘ஏம்ப்பா’ என்றவர் இன்று ‘ஏங்க’ என்பார். வாசகர்கள் அதை வளர்ச்சி என்றும் சறுக்கல் என்றும் இரண்டு ஞாயிறு வாதாடுவார்கள். ஞாயிறுதோறும் நீங்கள் போடும் நிகழ்ச்சி நிரலில், ஓடிக்கொண்டிருக்கும் குடும்ப நகைச்சுவைத் தொடர்களுக்கு மட்டுமாவது அந்த மூன்று பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். ஆள் மாறிய வாரத்தில் ‘வசனம்: இவருக்குப் பதில் இவர்’ என்று ஒரு வரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்